ஜன்னலா, கூடாரமா, மரக்குடிலா? கொல்லைப்புறப் பறவைப் படங்களுக்கு எந்த மறைவிடம்

கொல்லைக்கு வரும் பறவைகளைப் படமெடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸைப் பற்றித்தான். 400 மி.மீ. போதுமா, 600 மி.மீ. வேண்டுமா, லென்ஸின் எட்டலைக் கூட்டும் கன்வர்ட்டர் போட்டால் தேறுமா? காட்டுக்கும் ஏரிக்கும் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. சொந்த வீட்டுப் பின்பக்கத்தில் உட்காரப் போகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எதற்குள் உட்காருவது? பறவை எந்தக் கிளையில், எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதைக் கொல்லையில் ஓரளவு நாமே ஏற்பாடு செய்துகொள்ளலாம். மிச்சமிருப்பது, நாம் அங்கே இருப்பதைப் பறவை பொருட்படுத்தாமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்.

மறைவிடம் என்றதும் இலை தழை அச்சிட்ட துணி நினைவுக்கு வரும். அந்த அச்சு பெரும்பாலும் நம் கண்ணைத் திருப்திப்படுத்தப் போட்டது. நிறம் அறியும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை. பகலில் திரியும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வகை, புற ஊதாவின் ஒரு பகுதியும் அவற்றுக்குத் தெரியும். அசைவைக் கவனிப்பதிலும் நம்மைவிடக் கெட்டி. சில சிறு பறவைகளின் கண் விநாடிக்கு 100-க்கும் மேற்பட்ட மினுக்கல்களைத் தனித்தனியாகப் பிரித்தறியும். இப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் ஒரு கூடாரத்தை நிறுத்தி, புதர் என்று நம்பிவிடும் என நினைப்பது கொஞ்சம் அதிகம். நேற்று இல்லாத பச்சை மேடு இன்று முளைத்திருப்பது அதற்குத் தெரியும். தெரிந்தும் கிட்டே வருகிறது என்றால், அந்த மேடு பல நாளாக அங்கேயே இருந்து ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதால்தான்.

1900-ஐ ஒட்டிய காலத்தில் இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், ரிச்சர்டும் செர்ரியும், உள்ளே வெறுமையாகச் செய்த எருது உருவம் ஒன்றுக்குள் நின்று பறவைகளைப் படமெடுத்தார்கள். மேய்ச்சல் வெளியில் எருது என்பது பறவை தினம் பார்க்கிற சமாச்சாரம். கொல்லைப்புறத்தில் அந்த எருதின் இடத்தில் நிற்பது உங்கள் வீடு. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்தது. எது மாதக்கணக்கில் அதே இடத்தில் ஆடாமல் நிற்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எவ்வளவு நன்றாக மறைக்கிறது என்பது அதற்குப் பிறகு.

தேர்வுக்கு முன் ஒரு தூரக் கணக்கு. சிட்டுக்குருவி ஏறத்தாழ 15 செ.மீ. நீளம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் வகை) 400 மி.மீ. லென்ஸை மாட்டி 6 மீட்டரில் இருந்து எடுத்தால் படத்தின் அகலத்துக்குள் சுமார் 50 செ.மீ. அடங்கும். குருவி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே தூரத்தில் 600 மி.மீ. என்றால் அகலம் 32 செ.மீ.; குருவி கிட்டத்தட்டப் பாதிப் படத்தை நிறைத்துவிடும். இப்போது சென்சார் சிறிதாக இருக்கும் சாதாரண கிராப் சென்சார் கேமராவையும் 300 மி.மீ. லென்ஸையும் எடுத்துக்கொண்டு 4 மீட்டருக்கு நெருங்குங்கள்: அகலம் 29 செ.மீ.தான். பெரிய லென்ஸ் 6 மீட்டரில் காட்டியதைவிடக் குருவி பெரிதாகத் தெரிகிறது. சின்ன சென்சாரும் இரண்டு மீட்டர் நெருக்கமும் சேர்ந்து தந்த லாபம் இது.

அதற்காக இன்னும் நெருங்கிக்கொண்டே போகலாம் என்றும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் குறைந்தபட்ச போகஸ் தூரம் உண்டு. சோனி 200-600 லென்ஸுக்கு அது 2.4 மீட்டர், கெனான் ஆர்எஃப் 800 எஃப் 11 லென்ஸோ 6 மீட்டருக்குள் வந்த எதையும் போகஸ் செய்யாது. சின்னக் கொல்லைக்கு 800 வாங்கிவிட்டுத் தூரம் போதாமல் முழிப்பதற்கு இடமுண்டு. போகஸ் ஆனாலும் ஆழம் கிடைக்காது. 500 மி.மீ., 4 மீட்டர், லென்ஸின் திறப்பு எஃப் 5.6 என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 செ.மீ. பறவை நம்மை நேராகப் பார்த்தால் அலகு நுனி தெளிவாக இருக்கும்போது கண் மங்கும், கண் தெளிந்தால் நுனி போய்விடும். திறப்பை எஃப் 8, எஃப் 11 என்று மூடினால் வெளிச்சம் குறைந்து ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன் அளவு) ஏறும், படத்தில் புள்ளி தட்டும். பல ஜூம் லென்ஸ்கள் கிட்டத்தில் போகஸ் ஆகும்போது குவியத் தூரத்தில் (அந்த மி.மீ. அளவில்) ஒரு பங்கை விட்டுக்கொடுத்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு பறவைகளுக்கு 4 முதல் 6 மீட்டர் வசதியான தூரம். எந்த மறைவிடமும் இந்த இடைவெளியைத் தருகிறதா என்பதுதான் முதல் சோதனை.

ஜன்னல்

பலரும் இதை மறைவிடமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கொல்லைக்கு வரும் பறவைகளுக்கு வீட்டுச் சுவரைவிடப் பழகிய பொருள் கிடையாது. கூடாரம் வாங்கிவிட்டுப் பறவைகள் அதற்குப் பழகக் காத்திருக்கும் நாட்கள் ஜன்னலுக்குத் தேவையில்லை. நினைத்த நேரத்தில் உள்ளே போகலாம், வரலாம். போகிறதையும் வருகிறதையும் பறவை பார்ப்பதில்லை. மழையோ வெயிலோ கவலை இல்லை. வேலைக்கு நடுவே அரை மணி நேரம் கிடைத்தால்கூட உட்காரலாம். படம் எண்ணிக்கையில் சேர்வதற்கு வசதியைவிடப் பெரிய காரணம் இல்லை.

கண்ணாடி வழியாக எடுப்பதா, திறந்து வைத்து எடுப்பதா என்பதில்தான் சிக்கல். மூடிய கண்ணாடி வழியாக எடுத்தே ஆக வேண்டுமென்றால் லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் ஹூட் கண்ணாடியைக் கிட்டத்தட்டத் தொட வேண்டும், லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாலே கூர்மை குறையும். இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல் என்றால் சிறகின் ஓரத்தில் மெல்லிய நிழற்பிம்பம் ஒன்று கூடவே வரும். போலரைசர் என்ற வடிகட்டி பிரதிபலிப்பைக் குறைக்கும், ஆனால் ஒளியில் ஒன்று இரண்டு ஸ்டாப்பைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகிறது). என்னைக் கேட்டால் கண்ணாடி வழியாக எடுப்பது பறவைகளை அடையாளம் தெரிந்துகொள்ளப் போதும், நல்ல படத்துக்குப் போதாது. திறந்து வைப்பதே வழி. அதிலும் ஒரு கண்ணி உண்டு: அறையின் வெப்பத்துக்கும் வெளி வெப்பத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஜன்னல் வாயில் காற்று கலங்கி, படம் நீருக்கடியில் எடுத்ததுபோல் நெளியும். லென்ஸைக் குறை சொல்வதற்கு முன்னால் ஏசியையோ ஹீட்டரையோ அணைத்துவிட்டு, இரு பக்கமும் வெப்பம் சமமாகும்வரை பொறுத்துப் பாருங்கள்.

திறந்த ஜன்னலுக்குக் குறுக்கே கெட்டியான கருந்துணி ஒன்றைத் தொங்கவிட்டு, லென்ஸ் மட்டும் நுழையும் அளவுக்குக் கிழித்துக்கொண்டால் ஆயிற்று. அறை இருட்டாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கதவு திறந்திருந்தால் உங்கள் உருவம் துணிக்கு மேலே நிழலாகத் தெரியும். நீங்கள் காபி எடுக்கக் கை நீட்டுவதுகூட வெளியே தெரியும். கேமராவை டிரைபாடில் வைப்பதைவிட ஜன்னல் கட்டையில் பயறுப்பை (பயறு நிரப்பிய துணிப்பை) போட்டு வைப்பது எளிது, ஆட்டமும் இருக்காது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடியில் மோதிப் பறவைகள் சாகின்றன. தீனித்தட்டை ஜன்னலில் இருந்து ஒரு மீட்டருக்குள் வைக்க வேண்டும், அல்லது 10 மீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும் என்பது பறவை அமைப்புகள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. கிட்டே இருந்தால் மிரண்டு பறந்தாலும் அடிபடும் அளவுக்கு வேகம் வராது. சங்கடம் என்னவென்றால், படத்துக்கு உகந்த 4 முதல் 6 மீட்டர் தூரம் இந்த இரண்டுக்கும் நடுவே, ஆபத்தான பகுதியில் போய் விழுகிறது. படமெடுக்கும் ஜன்னலைத் திறந்து துணி தொங்கவிட்டிருந்தால் அதில் கண்ணாடியே இல்லை. பக்கத்து ஜன்னல்களுக்கு வெளிப்புறமாகப் புள்ளியோ கோடோ ஒட்டுங்கள், ஐந்து செ.மீ.க்கு ஒன்று என்ற நெருக்கத்தில். நடுவில் ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டுவது பயன் தராது. பறவை அதைச் சுற்றிக்கொண்டு கண்ணாடியில்தான் மோதும்.

ஜன்னலின் உண்மையான குறை கோணம். தரைத் தள ஜன்னலிலேயே லென்ஸ் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். தரையில் மேயும் புறாவையும் மைனாவையும் மேலிருந்து கீழே பார்த்துத்தான் எடுக்க வேண்டும். முதுகு தெரியும், முகம் தெரியாது. கிளையை ஜன்னல் உயரத்துக்கு நட்டு இதைப் பாதி சரிசெய்யலாம். மாடி ஜன்னல் என்றால் மரத்தில் உட்காரும் பறவைகளுக்கு அதுவே சரியான உயரமாக அமைந்துவிடும், கீழே போனவர்களுக்கு அது கிடைக்காது. பின்னணியோ உங்கள் கையில் இல்லை. ஜன்னலுக்கு எதிரே சுவரும் துணிக்கொடியும் இருந்தால் இருந்ததுதான். வெளிச்சமும் அப்படியே: ஜன்னல் எந்தத் திசை பார்த்ததோ அந்தத் திசைதான்.

கூடாரம்

மடக்கினால் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கி, பிரித்தால் சட்டென்று நிமிர்ந்து நிற்கும் துணிக்கூடாரங்கள் ஜன்னலின் இந்தக் குறைகளுக்கு நேர் விடை. வெளிச்சம் உங்களுக்குப் பின்னால் இருக்கும்படி வைக்கலாம். காலையில் உட்காருபவர் என்றால் கூடாரம் கிழக்கே, பறவை மேற்கே. நல்ல பின்னணி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திருப்பலாம். நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் லென்ஸ் முழங்கால் உயரத்துக்கு இறங்கும்.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: இந்த மூன்றில் பறவைகள் மிகவும் சந்தேகப்படுவது இதைத்தான். துணி காற்றில் படபடக்கும். படபடக்கிற பொருளுக்குப் பறவை லேசில் பழகாது. நான்கு மூலைகளிலும் முளை அடித்து, கட்டுக்கயிறுகளை இழுத்துக் கட்டி, துணி மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும். தொங்கும் ஜிப் நுனி, ஆடும் நாடா, பாதி மூடிய ஜன்னல் மடிப்பு எல்லாவற்றையும் உள்ளே செருகிவிடுங்கள். வெயில் ஏறியதும் உள்ளே அடுப்படியாகிவிடும். பின்பக்க மடிப்பைத் திறந்தால் காற்று வரும், ஆனால் வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு நீங்கள் நிழலாட்டம் ஆடுவீர்கள். அதனால் கூடாரத்தில் உட்காரும் நேரம் விடியலில் இருந்து வெயில் உறைக்கும்வரை என்று தானாகவே சுருங்கிவிடும்.

கூடாரம் வாங்குபவர்கள் செய்ய வேண்டிய முக்கியமான காரியம், அதைப் போட்டுவிட்டு உட்காராமல் இருப்பது. சில நாட்கள் அப்படியே கிடக்கட்டும். லென்ஸ் வரப்போகும் துளையில் ஒரு கறுப்பு பாட்டிலின் அடிப்பாகத்தையோ குழாய்த் துண்டையோ நீட்டி வைத்துவிட்டால், பிறகு நிஜ லென்ஸ் வரும்போது அது பறவைக்குப் புதிதாக இராது. உள்ளே போவது விடிவதற்கு முன்பாக இருக்கட்டும். பகலில்தான் போக முடியும் என்றால் கூட ஒருவரை அழைத்துப் போய், அவரை மட்டும் திரும்பி நடக்கச் சொல்வது பழைய தந்திரம். வந்த ஆள் போய்விட்டார் என்று பல பறவைகள் எடுத்துக்கொள்ளும். காகத்திடம் இந்தப் பருப்பு வேகாது. எடுத்த கையோடு தினமும் மடக்கி உள்ளே வைத்து, மறுநாள் புதிதாக விரிப்பவர்களுக்கு, ஒவ்வொரு நாளும் அது முதல் நாள்தான்.

தலையில் இருந்து கால்வரை போர்த்திக்கொள்ளும் சாக்கு மாதிரியான துணியும், வலைத்துணியும் விற்கிறார்கள். கொல்லைக்கு அவை வேண்டாம். அவை இடம் மாறிக்கொண்டே இருப்பவருக்கானவை. உள்ளே இருக்கிற உடம்பு அசைந்தால் துணியும் அசையும், அரை மணிக்கு மேல் பொறுக்கவும் முடியாது.

நிரந்தரக் குடில்

மரப்பலகையால் ஒரு சின்னக் குடில். ஆள் உட்கார்ந்து கையை விரிக்க இடம், முன்பக்கம் லென்ஸுக்கு ஒரு நீளப் பிளவு, அதன் கீழே பயறுப்பை வைக்க ஒரு பலகை, பின்பக்கம் கதவு. கதவு பறவைக்கு எதிர்ப்பக்கம் இருப்பதும், வீட்டில் இருந்து கதவுக்குப் போகும் வழி செடி வரிசையாலோ தட்டியாலோ மறைந்திருப்பதும் குடிலைவிட முக்கியம் என்றே சொல்வேன். தரையில் பழைய கம்பளம் விரித்தால் கால் சத்தம் இருக்காது. கீல்களுக்கு எண்ணெய் போட்டு வையுங்கள். காற்றுக்கு ஆடாது, மழைக்குச் சுருங்காது, ஒரு பருவம் போனால் அதன் கூரையிலேயே பறவை வந்து உட்காரும். கியர்ட்டன்களின் எருதுக்கு நிகராக நாமே கட்டக்கூடியது இதுதான்.

ஆனால் நட்ட இடத்தில் நிற்கும் பொருள் என்பதால், தப்பான இடத்தில் நட்டால் தப்பாகவே நிற்கும். வெயில் ஆறு மாதத்துக்கு ஒரு பக்கம் சாயும். இன்று நிழல் விழாத கிளையில் அடுத்த பருவத்தில் பக்கத்து மதில் நிழல் விழலாம். பின்னணிச் செடி உயரும், வெட்டுப்படும். ஆகவே குடில் கட்டப்போகும் இடத்தில் முதலில் கூடாரத்தைப் போட்டு, வெவ்வேறு பருவங்களில் உட்கார்ந்து பார்ப்பது உசிதம். கூடாரத்தின் மிகச் சிறந்த பயன் என்று நான் கருதுவது இந்த ஒத்திகையைத்தான்.

குடில் என்று முடிவானால் அடுத்த கேள்வி: திறந்த பிளவா, ஒருவழிக் கண்ணாடியா? வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடிபோல் பிரதிபலித்து, உள்ளே இருந்து பார்த்தால் தெளியத் தெரியும் கண்ணாடியைப் பதித்த மறைவிடங்களைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் ஹங்கேரியின் பென்ஸ் மாட்டே. கேமராவோடு உள்ளே தாராளமாக அசையலாம், லென்ஸை இடமும் வலமும் திருப்பலாம், பறவை கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மிரளும் குணமுள்ள பெரிய பறவைகளுக்கு இதற்கு ஈடில்லை. விலை கொடுப்பது ஒளியில்: ஒரு ஸ்டாப்புக்கு மேல் போய்விடும், அதுவும் சிறு பறவைகள் மும்முரமாக இருக்கும் அதிகாலையில். உள்ளே கும்மிருட்டு இல்லாவிட்டால் மாயம் கலைந்துவிடும். கேமராவின் திரை வெளிச்சம்கூட ஆகாது. கண்ணாடிக்குச் சாய்வாக எடுத்தால் கூர்மை போகும் என்ற பழைய பாட்டு இங்கேயும் உண்டு. எல்லை காக்கும் ஆண் பறவைகள் கண்ணாடியில் தம் உருவத்தையே எதிரி என்று எண்ணிக் கொத்துவதும் நடக்கும். கொல்லைக்கு வரும் பறவைகள் ஏற்கெனவே மனிதருக்குப் பழகியவை. அவற்றுக்குத் திறந்த பிளவும் அதன்மேல் தொங்கும் வலைத்துணியும் போதும். கண்ணாடிக்குச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதிலாக, கையில் இருப்பதைக் கொண்டு குடிலைத் தரைக்குள் இறக்குங்கள். இடுப்பளவு பள்ளம் தோண்டி, உட்கார்ந்தால் கண் தரை மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி அமைத்து, எதிரே ஆழமில்லாத ஒரு தண்ணீர்த்தொட்டி வைத்தால் படத்தின் ஜாதியே மாறிவிடும். குளிக்க வரும் பறவைக்கு 2 முதல் 5 செ.மீ. ஆழம் போதும், அதைவிட ஆழம் என்றால் சின்னவை இறங்கத் தயங்கும். தொட்டியின் விளிம்பு உங்கள் பக்கம் தெரியாதபடி நீர் வழியும் அளவுக்கு நிரம்பியிருந்தால், பறவையும் தலைகீழ் பிம்பமும் ஒரே படத்தில் விழும். தானியத்தை ஏறெடுத்தும் பார்க்காத பூச்சியுண்ணிகள் தண்ணீருக்கு வரும். தீனித்தட்டு வைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாலும் வராத பறவையைத் தண்ணீர் கூட்டிவந்துவிடும். தோண்டும் முன் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று யோசித்துவிடுங்கள். வடிகால் இல்லாத பள்ளத்தில் முதல் மழைக்குப் பிறகு குளிக்க இறங்குவது நீங்களாக இருக்கும்.

ஆளே இல்லாத கேமரா

மறைவிடமே வேண்டாம், கேமராவைக் கிளை அருகே வைத்துவிட்டு வீட்டுக்குள் இருந்து போனில் பார்த்து அழுத்தினால் போகாதா? போகும். அகலக் கோண லென்ஸை அரை மீட்டரில் வைத்து, முன்னால் பறவையும் பின்னால் முழுக் கொல்லையுமாக எடுக்க இதைத் தவிர வேறு வழியே கிடையாது. ஆனால் போகஸை முன்கூட்டியே ஒரு புள்ளியில் பூட்டிவிட வேண்டும், பறவை அதே புள்ளியில் உட்கார வேண்டும், போனுக்குக் காட்சி வந்துசேரும் தாமதத்துக்குள் அது தலையைத் திருப்பாமல் இருக்க வேண்டும். காட்டில் விலங்குகளுக்கு வைக்கும் தானியங்கிக் கேமராக்கள் இன்னும் தோது குறைந்தவை: உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இயங்குபவை என்பதால் வெயில் நேரத்தில் குருவி அளவு உடம்பைத் தவறவிடும். பலவற்றில் போகஸ் நிரந்தரமாகப் பூட்டியிருப்பதால் கிட்டத்தில் வந்தது மங்கும். யார் யார் எந்த நேரத்தில் வந்து போகிறார்கள் என்று வேவு பார்க்க அருமையான கருவி. படம் எடுக்கும் சுகம் மட்டும் இதில் இல்லை.

எதற்குள் உட்கார்ந்தாலும்

மறைவிடத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும், படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது எதிரே இருக்கும் கிளை. தீனித்தட்டில் உட்கார்ந்த பறவையை எடுக்காதீர்கள். தட்டுக்கு வருமுன் அது இறங்கி நோட்டம் பார்க்கும் கிளையை எடுங்கள். தட்டில் இருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி ஒரே ஒரு கிளையை நட்டு, அக்கம்பக்கத்தில் உட்காரத் தோதான வேறெதையும் விடாமல் எடுத்துவிட்டால், வரிசையில் நிற்பது போல ஒவ்வொன்றாக அங்கே வந்து நிற்கும். கிளை லென்ஸுக்குக் குறுக்காக இருக்கட்டும். உங்களை நோக்கி நீண்டிருந்தால் அந்த 2 செ.மீ. ஆழத்துக்குள் எதுவும் அடங்காது. விரல் பருமன் போதும். குருவியின் கால் சுற்றிப் பிடிக்கும் அளவைவிடத் தடித்த கட்டையில் அது தட்டையாகப் பாதம் பதித்து நிற்கும், பார்க்கச் செயற்கையாக இருக்கும். பட்டை உரிந்த, பாசி படிந்த கிளையாக இருந்தால் நல்லது, வாரம் ஒருமுறை மாற்றினால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் எல்லாப் படங்களிலும் ஒரே கிளை சாட்சி சொல்லும். கிளைக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது நான்கைந்து மீட்டர் வெற்றிடம் வேண்டும். அப்போதுதான் இலைகள் கரைந்து ஒரே நிறமாகும்.

நெருக்கத்தில் ஷட்டர் சத்தமும் ஒரு பிரச்சினை. டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் ஒவ்வொரு படத்துக்கும் எழும்பி விழும் கண்ணாடியின் சத்தத்துக்கு நான்கு மீட்டரில் பறவை தலை திருப்பும், அதற்குப் பழகாத பறவை பறந்தே போகும். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டர் ஓசையற்றது. ஆனால் சென்சாரை வரி வரியாகப் படிக்கும் வேகம் குறைந்த கேமராவில் அடிக்கும் சிறகு வளைந்து நெளிந்து பதியும். நிக்கான் இசட் 9 போல வேகமாகப் படிக்கும் சென்சார் இருப்பவற்றில் இது அநேகமாகத் தெரியாது. உட்கார்ந்த பறவைக்கு எந்தக் கேமராவானாலும் ஓசையற்ற ஷட்டரைத் தயங்காமல் போடலாம்.

தட்டையும் தொட்டியையும் கழுவுவது படக்கலையில் சேர்த்தி இல்லை என்று தோன்றலாம். 1994-இல் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹவுஸ் ஃபிஞ்ச் பறவைகளிடையே மைக்கோபிளாஸ்மா கண்நோய் கிளம்பியது. 2005 முதல் பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளை டிரைக்கோமோனோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் வாரிக்கொண்டு போனது. இரண்டும் தீனி வைக்கும் இடங்களில் கூட்டம் கூடியதால் தொற்றிப் பரவியவை. தண்ணீரைத் தினம் மாற்றுங்கள், தட்டைத் தேய்த்துக் காயவிடுங்கள், ஒரு பறவை உப்பிப்போய்ச் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் தீனி வைப்பதையே சில வாரம் நிறுத்துங்கள்.

கூடு இருக்கிற பக்கம் மேற்சொன்ன எதையும் கொண்டுபோகாதீர்கள். பறவை கூட்டைக் கைவிடும், அல்லது உங்கள் நடமாட்டத்தைப் பார்த்துக் காகம் வழி கண்டுபிடித்துவிடும். பல நாடுகளில் கூட்டருகே தொல்லை கொடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. 1937-இல் பிரிட்டனின் புகழ்பெற்ற பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங், ஆந்தைக் கூட்டருகே அமைத்த மறைவிடத்துக்கு இருட்டில் போனபோது ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தார்.

ஆக, யாருக்கு எது

கொல்லை சிறியது, ஒரு ஜன்னலாவது அதைப் பார்த்திருக்கிறது, தினம் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும் என்றால் ஜன்னல், கருந்துணி, நட்ட கிளை. வேறெதுவும் வாங்க வேண்டாம். வாடகை வீடு, அல்லது பிள்ளைகள் விளையாடும் கொல்லை என்றாலும் இதேதான். கூடாரத்தை அங்கே நிம்மதியாக விட்டுவைக்க முடியாது. கொல்லை நீளமானது, நல்ல பின்னணி தூரக் கோடியில் இருக்கிறது, விடியலில் எழ முடியும் என்றால் கூடாரம். அதை ஒரு பருவம் முழுக்க ஒரே இடத்தில் விட்டுவைக்க முடியுமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். முடியாதென்றால் ஜன்னலுக்கே திரும்பலாம். அந்தக் கூடாரத்தில் உட்கார்ந்து, இடமும் வெளிச்சமும் தேறிவிட்டது என்று தெரிந்தவர்கள் குடில் கட்டலாம். கட்டும்போது தரைக்குள் இறக்கிக் கட்டுவதற்கே என் ஓட்டு.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, பெரிய லென்ஸா குடிலா என்று கேட்டால் கொல்லைக்குக் குடில்தான். கிராப் சென்சார் கேமராவின் 300 மி.மீ. லென்ஸை நான்கு மீட்டருக்குக் கொண்டுபோகும் குடில், ஆறு மீட்டரில் நிற்கும் ஃபுல் ஃபிரேமின் 600 மி.மீ. லென்ஸ் வேலையைச் செய்துவிடும். விலக்கு ஒன்றுண்டு. உங்கள் கொல்லையின் நல்ல பறவைகள் எல்லாம் தரைக்கும் தண்ணீருக்கும் இறங்காமல் உயர்ந்த மரத்தின் உச்சியிலேயே சுற்றுகின்றன என்றால், எந்தக் குடிலும் அவற்றைக் கிட்டே கொண்டுவராது. அப்போது பெரிய லென்ஸையே வாங்கிக்கொண்டு மாடி ஜன்னலுக்குப் போய்விடுங்கள்.